மைதானத்தில் மிதிபட்ட கை

1908 ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து வெஸ்ற்பீல்ட் என்னும் சிற்றூரிலே, பத்து வயதுச் சிறுவனொருவன் தன் தந்தையிடமிருந்து தப்பி ஓடினான். தந்தையார் ஏதோ ஒரு வேலையை ஏவியிருந்தார், மகன் செய்யவில்லை. அருகே வருமாறு அழைத்தார், வரவில்லை. அறுபது வயதைக் கடந்துவிட்ட அந்தப் போதகர் மகனைத் துரத்திக்கொண்டு ஓடினார். சிறுவன் வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்தான். பின்னால் வந்தவர் கால் இடறி வீழ்ந்தார். திரும்பிப் பார்த்த சிறுவன் திடுக்கிட்டு ஓடோடி வந்து தந்தையாரைத் தூக்கி நிறுத்தினான். அவருடைய பல்லொன்று உடைந்து போயிருந்தது.

அதன் பின்னர் அவன் தந்தையின் சொல்லை ஒருநாளும் மீறியதில்லை. அரை நூற்றாண்டு கழிந்து, உலகம் முழுவதும் அறிந்த மனிதராகத் தம் வாழ்க்கைக் குறிப்பை அவர் எழுதியபோதும், அந்த வீதியோரத்தில் அடைந்த வெட்கம் ஆறாதிருந்தது. போல் றோப்சன் என்னும் பெயரைக் கேட்டதும் நம்மவர் நினைப்பது அவருடைய ஆழ்ந்த குரலை. சற்று வாசித்தவர்கள் ஒதெல்லோவாக அவர் தோன்றிய நாடகத்தை நினைப்பர். மேடையேறுவதற்கு முன்னர் அவர் பள்ளிக்கூடத்து மைதானத்திலே பெயர் பெற்ற வீரர் என்பதும், அந்த மைதானத்திற் கற்றவையும் பட்டவையும் மேடைவரை அவரைத் தொடர்ந்து வந்தன என்பதும் அத்துணை அறியப்பட்டவையல்ல.

றோப்சன் 1898 ஏப்பிரல் 9 ஆம் திகதி பிறின்ஸ்ரன் நகரிற் பிறந்தார். பல்கலைக்கழகத்தாற் புகழ்பெற்ற ஊர் அது. ஆயினும் கறுப்பினத்தவரைப் பொறுத்தவரையில் தென்மாநிலத்து ஊரொன்று வடக்கே இடம்பெயர்ந்து வந்தது போலவே இருந்தது. தந்தையார் வில்லியம் றோப்சன் வட கரோலினா மாநிலத்துத் தோட்டமொன்றில் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்து வயதளவில் அங்கிருந்து தப்பி வடக்கே வந்து, கல்லூரியிற் பயின்று, திருச்சபைப் போதகரானவர். பிறின்ஸ்ரனில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே தேவாலயத்திற் பணிபுரிந்த அவரை 1901 இல் அப்பதவியிலிருந்து விலகச் செய்தனர். அதன்பின் அவர் குதிரையும் வண்டியும் வைத்து வீடுகளிலிருந்து அடுப்புச் சாம்பல் அள்ளிப் பிழைத்தார். அதைப் பற்றி அவர் முறையிட்டதை மகன் கேட்டதில்லை. தாயார் மரியா லூயிசா ஆசிரியையாக இருந்தவர், கண்பார்வை மங்கியிருந்தவர். 1904 ஆம் ஆண்டு ஜனவரியில் வீட்டு அடுப்பின் தணல் ஆடையிற் பற்றி மாண்டார். கடைசிப் பிள்ளையாகிய போலுக்கு அப்போது ஆறு வயதும் நிரம்பவில்லை.

வீட்டிலே தமையன்மார் பலர் இருந்தனர். மூத்தவர் வில்லியம் படிப்பிற் கெட்டிக்காரர். பாடமொன்றை எவ்வாறு அணுகி ஆராய்வது என்பதைத் தம்பிக்குக் காட்டிக்கொடுத்தவர் அவரே. பென் சிறந்த விளையாட்டு வீரர். பந்தைப் பிடித்து ஓடும் வகையும் எதிரியை மடக்கும் வகையும் போல் முதன்முதல் அவரிடந்தான் கற்றான். இவர்களுக்கிடையில் றீவ் என்றொருவர் இருந்தார். படிப்பில் நாட்டமில்லை, முற்கோபி. குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்த அவர், கூரிய கற்கள் நிறைந்த சிறு பையொன்றை எப்போதும் வண்டியில் வைத்திருப்பார். தம் நிறத்தைச் சொல்லி இழித்துப் பேசுபவர் பல்கலைக்கழக மாணவரானாலும் சரி, வேறெவரானாலும் சரி, றீவ் வாய்ப்பேச்சோடு விடுவதில்லை. பணிந்து போகாதே, அடித்தவனை அதனிலும் பலமாக அடி என்பதே அவர் தம்பிக்குச் சொன்ன பாடம். ஈற்றில் இவருடைய வழக்குகளாற் சலித்த தந்தையார், தம்பியைக் கெடுத்துவிடுவான் என்று அஞ்சி அவரை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்.

தந்தையார் கற்பித்த பாடம் வேறு. வெள்ளையருக்கு நீ எவ்வகையிலும் குறைந்தவனல்லன் என்பதைச் செயலில் நிறுவிக்காட்டு; ஆனால் தலைக்கனம் காட்டாதே; அவர்கள் உன்னைக் கண்டு அஞ்சும்படி மட்டும் ஒருபோதும் நடந்துகொள்ளாதே என்பதே அதன் சாரம். சாம்பல் வண்டி ஓட்டி மக்களைப் படிக்க வைத்த ஒருவரின் அனுபவத்திலிருந்து வந்த அறிவுரை அது. அதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வராது. அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடிவந்த பதினைந்து வயதுச் சிறுவனைக் கோழை என்று எவர் சொல்வார்? ஆயினும், ஆறடியைத் தாண்டி வளரப்போகும் பிள்ளையொருவனிடம், உன்னைக் கண்டு பிறர் அஞ்சாதபடி பார்த்துக்கொள் என்று சொல்வது எத்துணைப் பெரிய சுமை! அவனுடைய நிழலே அவனுக்குப் பகையாகிவிடுமே.

1910 இல் குடும்பம் சமர்வில் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. அங்குள்ள உயர்தரப் பாடசாலையிற் கறுப்பின மாணவர் மிகச் சிலரே. போல் அங்கே செய்யாத காரியமில்லை. மாரியில் கூடைப்பந்து, வேனிலில் பேஸ்போல், இலையுதிர் காலத்தில் அமெரிக்க உதைபந்தாட்டம், இவற்றுக்கிடையில் மெய்வல்லுநர் போட்டிகள். விவாதக் குழுவிற் பேசினான். பாடகர் குழுவிற் பாடினான். இசையாசிரியை அவனைத் தனிப்பாடகனாக நிறுத்தினார். இலக்கிய ஆசிரியை சேக்ஸ்பியரைக் கையிற் கொடுத்தார். பாடசாலை அதிபர் மட்டும் அவனை வெறுத்தார். அவனுக்குக் கிட்டிய ஒவ்வொரு சிறப்பும் அவருக்கு முள்ளாய்க் குத்தியது.

அக்காலத்திலேதான் போல் முதன்முதலாக ஒதெல்லோ ஆனான். ஆனால் அது சேக்ஸ்பியரின் ஒதெல்லோ அன்று. மகாகவியின் பாத்திரங்களையெல்லாம் ஒரு விடுதியிற் கொண்டுவந்து சேர்த்துக் கேலி செய்யும் பகடி நாடகம் அது. தன் பெரிய உடலோடும் நடுங்கும் மனத்தோடும் மேடையில் நின்ற அந்தப் பையன், இனி உயிருள்ளவரை நடிப்பதில்லை என்றே அன்று எண்ணிக்கொண்டான். மைதானத்தில் நூற்றுக்கணக்கானோர் பார்க்க அஞ்சாது ஓடியவனுக்கு மேடை அச்சம் தந்தது விந்தையே. மைதானத்தில் அவன் செய்ய வேண்டியது இன்னதென்று ஆட்டவிதி சொல்லிற்று. மேடையிலோ, வெள்ளையர் நிறைந்த சபையொன்றில் ஒரு கறுப்பனாக அவன் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எழுதிய விதி எதுவும் இல்லை. எழுதாத விதிகள் இருந்தன.

இரவில் உணவுக்குப் பின் தந்தையும் மகனும் விளக்கடியில் அமர்வர். இலத்தீன் பாடத்தை வரி வரியாகப் பார்ப்பர். வேர்ஜிலையும் ஹோமரையும் படிப்பர். பேச்சு, உச்சரிப்பு யாவும் திருத்தம் பெறும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து புள்ளி வாங்கி வந்தால், மீதி ஐந்து எங்கே என்பதே கேள்வி. வேறெவரோடும் ஒப்பிட்டுப் பார்க்க அவர் விடுவதில்லை. உன்னால் இயன்றதன் உச்சத்தை நீ எட்டினாயா என்பதொன்றே அவருடைய அளவுகோல். விளையாட்டிற் சிறந்த பிள்ளையிடம் படிப்பை எதிர்பார்க்க வேண்டாமென்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் பாடசாலைகளிலும் உண்டு. அந்த வீட்டில் அவ்வகைச் சலுகைக்கு இடமிருக்கவில்லை.

1915 ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநில மாணவர்க்காக றட்கேர்ஸ் கல்லூரி நடத்திய புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி அவன் அறிந்தது மிகப் பிந்தி. மற்றவர்கள் அதன் முற்பகுதியை முந்திய ஆண்டிலேயே எழுதி முடித்திருந்தனர். எஞ்சிய இறுதியாண்டுப் பாடத்துக்கு அவர்களுக்கு மூன்று மணி நேரம். போலோ நான்காண்டுப் பாடம் முழுவதற்கும் அதே மூன்று மணி நேரத்தில் விடை எழுத வேண்டியிருந்தது. எழுதினான்; முதல்வனாக வந்தான். தன் வாழ்வின் திசையையே திருப்பியது அந்தப் பரீட்சைதான் என்று பிற்காலத்திற் கருதினான். எந்த மைதானத்து வெற்றியையும் அவன் அவ்வாறு கொண்டாடவில்லை.

றட்கேர்ஸ் நியூ பிறன்ஸ்விக் என்னும் ஊரில் உள்ளது. 1766 இல் நிறுவப்பெற்ற அக்கல்லூரி, அதுவரை இரு கறுப்பின மாணவரையே ஏற்றிருந்தது, றோப்சன் மூன்றாமவர். அவ்வேளை அங்கு பயின்ற ஏறத்தாழ ஐந்நூறு பேரில் அவர் ஒருவரே கறுப்பர்.

அமெரிக்க உதைபந்தாட்டம் என்பது பெயரளவிலேதான் நம் உதைபந்தாட்டத்துக்கு உறவு. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், ஓடுபவனை உடலால் மோதி வீழ்த்துவதுமே அதன் உயிர். நம் நாட்டில் றக்பி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதனை ஒருவாறு ஊகிக்கலாம். அணிக்குப் பதினொருவர். குவியலாக விழும் உடல்களின் அடியில் நடப்பது நடுவருக்கும் தெரிவதில்லை. வஞ்சம் தீர்த்துக்கொள்ள அதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை.

கல்லூரி அணிக்கு ஆள் தெரியும் பயிற்சிக்கு அந்தப் பதினேழு வயது இளைஞர் போனார். அணியில் இடம் வகித்த வெள்ளையர் சிலர் ஒரு கறுப்பன் தம்மோடு ஆடுவதைச் சகிக்கவில்லை. முதல்நாளே அவர்கள் அவரைச் சூழ்ந்து மோதினர். மூக்கு உடைந்தது, வலத் தோள்மூட்டு விலகியது. பத்து நாட்கள் படுக்கை. மூக்கில் ஏற்பட்ட அந்தக் காயத்தின் விளைவு பாடகரான பின்னரும் அவரைத் தொல்லைப்படுத்தியது. போதும் இந்த விளையாட்டு என்று அவர் எண்ணியிருந்த வேளையில், தமையன்மாரில் ஒருவர் பார்க்க வந்தார். விலகுவதானால் விலகலாம், ஆனால் அப்பாவுக்கு அது பிடிக்காது என்றார். மைதானத்தில் நிற்கும்போது நீ உனக்காக மட்டும் நிற்கவில்லை, அங்கு நிற்க விரும்பும் எத்தனையோ கறுப்புப் பிள்ளைகளுக்காகவும் நிற்கிறாய் என்று தந்தையார் முன்னமே சொல்லியிருந்தார். றோப்சன் திரும்பிப் போனார்.

திரும்பிப் போனபோது நடந்ததுதான் நாம் சிந்திக்க வேண்டிய சம்பவம். பல்லாண்டுகளின் பின்னர் அவரே கூறியவாறு அதைச் சொல்கிறோம். எதிர்ப்பக்கத்து ஆட்டக்காரனொருவனை மடக்கி வீழ்த்திவிட்டு அவர் நிலத்திற் கிடந்தார். வலக்கை மண்ணில் விரிந்து கிடந்தது. ஓடி வந்த ஒருவன் அதன்மேல் வேண்டுமென்றே ஓங்கி மிதித்தான். அவர்கள் அணியும் சப்பாத்துகளின் அடியில் முளைகள் உண்டு. எலும்பு முறியவில்லை, ஆனால் விரல்களின் நகங்கள் யாவும் பெயர்ந்துபோயின.

றோப்சன் எழுந்தார். அடுத்த தடவை பந்தோடு அவரை நோக்கிப் பலர் ஒன்றாக வந்தனர். இரு கைகளையும் வீசிச் சிலரை அடித்துச் சாய்த்தார். பந்தை வைத்திருந்தவன் எஞ்சினான். அவனைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார். நிலத்தில் அறைந்து அவனை இரண்டாக முறித்துவிட வேண்டும் என்பதே அந்நேரத்து எண்ணம். முறிக்கும் பலமும் அவரிடம் இருந்தது. பயிற்றுநர் சான்போட் அந்தக் கணத்திலே, றோப்சன் அணியிற் சேர்ந்துவிட்டார் என்று உரக்கக் கூவினார். தூக்கிய கை தணிந்தது.

இச்சம்பவத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதனைப் பொறுமையின் வெற்றி என்று முடித்துவிடுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அந்தக் கணத்தில் இரு ஆசிரியர்கள் அந்த உடலுக்காக வழக்காடினர்: வீட்டை விட்டு அனுப்பப்பட்ட றீவ் ஒருவர், வெஸ்ற்பீல்ட் வீதியில் விழுந்த முதியவர் மற்றவர். தூக்கியது றீவின் பாடம். இறக்கியது தந்தையாரின் பாடம். பயிற்றுநரின் கண்ணுக்குப் பட்டது எது? அடக்கமா, பலமா? பத்து நாள் மிதிபட்டுக் கிடந்தபோது கிடையாத இடம், ஒருவனைத் தலைக்கு மேலே தூக்கியபோது கிடைத்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

அதன்பின் நான்கு ஆண்டுகள் அவர் கல்லூரியின் பெருவீரர். உதைபந்தாட்டத்தில் அணிவரிசையின் அந்தத்தில் நின்று காத்தார், பேஸ்போலிற் பந்துகாப்பாளர், கூடைப்பந்திலும் இடம் பெற்றார், தட்டெறிதல், குண்டெறிதல், ஈட்டியெறிதல் ஆகியவற்றிலும் போட்டியிட்டார். நான்கு விளையாட்டுத் துறைகளிலும் பன்னிரண்டுக்குக் குறையாத கல்லூரி விருதெழுத்துகள் அவருக்குக் கிடைத்தன. முன்னர் வதைத்தவர்களிற் பலர் தோழராயினர். ஆயினும் ஆட்டம் முடிந்த இரவுகளின் நடன விருந்துகளில் அவருக்கு இடமில்லை. பாடகர் குழுவின் வெளியூர்ப் பயணங்களிலும் இல்லை. அந்தக் கச்சேரிகளின் முடிவிலும் நடனம் உண்டு.

1916 ஒக்டோபரிற் கல்லூரி தன் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. விழாவின் ஓர் அங்கமாக, தென்மாநிலமாகிய வேர்ஜீனியாவிலிருந்து வாஷிங்ரன் அன்ட் லீ என்னும் பல்கலைக்கழகத்து அணி அழைக்கப்பட்டிருந்தது. கறுப்பன் களத்தில் இருந்தால் தாம் ஆடுவதில்லை என்றனர் வந்தவர்கள். விருந்தினர் நிறைந்த நாள், கல்லூரி இணங்கியது. றோப்சன் வெளியே உட்கார்ந்திருக்க, ஆட்டம் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. பின்னர் மேற்கு வேர்ஜீனியா அணியினர் அதே கோரிக்கையை விடுத்தபோது சான்போட் மறுத்துவிட்டார். அந்த ஆட்டத்தில் றோப்சன் பட்ட அடிகளும் கொடுத்த அடிகளும் பல. ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் வந்து கைகொடுத்துச் சென்றனர். முதல் அவமானத்தைப் பற்றி மாணவர் எவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. றட்கேர்ஸிற் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரான ஜேம்ஸ் கார், தாமும் ஒரு சட்டத்தரணி, 1919 இல் கல்லூரித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த நாளைக் கண்டித்தார். பட்டமளிப்பு மேடையிற் றோப்சனைக் கல்லூரி புகழ்ந்துகொண்டிருந்த மாதம் அது.

1917 நவம்பரில், புறூக்ளின் நகர மைதானமொன்றில், நியூபோட் கடற்படைச் சேமப் பிரிவினருடன் றட்கேர்ஸ் மோதியது. எதிரணியிலிருந்தவர்கள் பெரிய பல்கலைக்கழகங்களின் முன்னாள் நட்சத்திர வீரர்கள். அதுவரை தோல்வி காணாதவர்கள். சிறிய கல்லூரியின் பையன்கள் 14 - 0 என்று அவர்களை வென்றனர். அன்று எப்பக்கம் பந்து போனாலும் அப்பக்கம் றோப்சன் நின்றார் என்பது பத்திரிகைகளின் வியப்பு. 1918 இல், அந்த ஆட்டத்தின் பிதாமகராகக் கருதப்பெற்ற வோல்ரர் காம்ப், நாடு முழுவதிலுமிருந்து தேர்ந்த பதினொருவர் பட்டியலில் அவரைச் சேர்த்தார். அந்த இடத்தில் ஆடியவர்களுள் இவரை விஞ்சியவர் இல்லை என்பது காம்பின் மதிப்பு.

அதே 1918 ஆம் ஆண்டு மே மாதம் தந்தையார் நோயுற்றுக் கிடந்தார். கல்லூரியின் பேச்சுப் போட்டி நெருங்கியிருந்தது. எது நேர்ந்தாலும் நீ போய்ப் பேச வேண்டும் என்று மகனிடம் உறுதி வாங்கிக்கொண்டார். 17 ஆம் திகதி காலமானார். சில நாட்களில் மகன் மேடையேறினார். கறுப்பின மக்கள் நாட்டுக்குக் காட்டிய விசுவாசத்தையும் நாடு அவர்களுக்குப் பட்ட கடனையும் பற்றிப் பேசி முதற் பரிசு பெற்றார். துயரத்தில் இருப்பவனுக்குப் போட்டி என்ன என்று நாம் கேட்போம். அந்த வீட்டின் அளவுகோல் அப்படிப்பட்டது. அடுத்த ஆண்டு யூனில், வகுப்பின் சார்பிற் பிரியாவிடையுரை நிகழ்த்தும் சிறப்பும் அவருக்கே கிடைத்தது.

சட்டம் பயில நியூயோர்க் சென்றார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு, வார இறுதிகளில் ரயிலேறிப் போய்ச் சம்பளத்துக்கு உதைபந்தாடினார்: 1921 இல் அக்றன் அணியில், 1922 இல் மில்வோக்கி அணியில். 1923 இல் சட்டப் பட்டம் பெற்றார். சேர்ந்த அலுவலகத்திலே, கறுப்பர் ஒருவர் சொல்லத் தாம் எழுதுவதில்லை என்று சுருக்கெழுத்துப் பெண்ணொருத்தி மறுத்துவிட்டாள். றோப்சன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். சட்டத்தின் கதை அத்துடன் முடிந்தது.

இனி நடிக்க மாட்டேன் என்று எண்ணியவர் மேடைக்கு வந்தது இவ்வாறு, வேறு கதவுகள் அடைபட்டதால். 1924 இல் யூஜின் ஓநீலின் இரு நாடகங்களில் நடித்தார். ஒன்றில், வெள்ளைக்கார நடிகையொருத்தி அவர் கையை முத்தமிடும் காட்சி உண்டு. நாடகம் அரங்கேறுமுன்பே செய்தி பரவி, மிரட்டற் கடிதங்கள் வந்து குவிந்தன. நகராட்சி நேரே தடைசெய்ய வழி காணாமல், சிறுவர் நடிக்கும் முதற்காட்சிக்கு அனுமதி மறுத்தது. நெறியாளர் அக்காட்சியைச் சபைக்கு வாசித்துக் காட்டிவிட்டு மீதியை நடிக்கச் செய்தார். றட்கேர்ஸ் மைதானத்தில் மிதிபட்ட கைதான் அது. மிதித்தவன் மேல் எவரும் வழக்கிடவில்லை. முத்தமிடுவதற்கோ ஒரு நகரமே எழுந்து நின்றது.

1930 ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் சவோய் அரங்கில் அவர் மெய்யாகவே ஒதெல்லோவானார். டெஸ்டிமோனாவாக இளம்பெண் பெகி ஆஷ்குறொப்ற் நடித்தார். தொடக்க நாட்களில் தாம் என்ன செய்தார் என்பதை றோப்சன் பின்னர் ஒளிக்காமற் சொன்னார். டெஸ்டிமோனா அருகே வரும்போதெல்லாம் அவருடைய கால்கள் பின்வாங்கின. பெரிய வீட்டு வரவேற்பறைக்குள் தவறி நுழைந்துவிட்ட தோட்டத் தொழிலாளி போல் விகாரமாக நின்றாராம். வெனிசு நகரின் சேனாதிபதி, தன் மனைவியைத் தொட அஞ்சுகிறான்! நாடகம் அறிந்தவர்களுக்கு இதன் கேடு விளங்கும். முதல் அங்கங்களில் அவளை அவன் முழு உரிமையோடு அணைத்திருந்தாலன்றி, ஐந்தாம் அங்கத்துக் கொலை வெறும் கொடுமையாய் முடியும். குறை நடிப்பில் இல்லை. உன்னைக் கண்டு பிறர் அஞ்சும்படி நடவாதே என்று பழக்கப்பட்ட உடல், வசனம் என்ன சொன்னாலும் தன் பழைய பாடத்தையே ஒப்புவித்தது.

அந்தப் பின்வாங்கலிலிருந்து அவர் மீளப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. இடையில் அவர் கண்ட உலகம் பெரிது. இலண்டனில் ஆபிரிக்க மாணவரோடும், வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளரோடும், உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினிற் குடியரசுப் படையினரோடும் பழகினார். பல மொழிகள் பயின்றார். தாமே நடித்த படங்களிற் சிலவற்றைக் கண்டு வெட்கி வெறுத்தார். 1943 ஒக்டோபர் 19 ஆம் திகதி, நியூயோர்க்கின் பெரிய அரங்கொன்றில், மார்கரெட் வெப்ஸ்ரரின் நெறியாள்கையில் மீண்டும் ஒதெல்லோவாக வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. வெள்ளை நடிகர் குழுவின் நடுவே கறுப்பினத்தவர் ஒருவர் அமெரிக்காவின் பெருமேடையில் அப்பாத்திரத்தை ஏற்றது அதுவே முதன்முறை. ஊற்றா ஹேகன் டெஸ்டிமோனா. இம்முறை கால்கள் பின்வாங்கவில்லை. நாடகம் 296 தடவை நடந்தது; அந்நகர்ப் பெருமேடையிற் சேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அதுவரை அத்தனை நாட்கள் ஓடியதில்லை. நாடு சுற்றி நடித்தபோது, கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து அமர்த்தும் அரங்குகளில் நடிக்க அவர் மறுத்தார். 1916 இல் வெளியே உட்கார வைக்கப்பட்டவர், இப்போது நிபந்தனை விதிப்பவரானார்.

நகம் பெயர்ந்த கதையை அவர் பத்திரிகை நிருபரொருவருக்கு விரிவாகச் சொன்னது 1944 ஜனவரியில், இந்த நாடகம் நடந்துகொண்டிருந்த மாதங்களிலேதான். தூக்கியவனை முறித்துவிட எண்ணியதையும் அவர் மறைக்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் அடக்கத்தின் உவமையாக உலவிய கதை, கோபத்தின் கதையாகத் தன் வாயாலே வெளிப்பட்டது. இரவுதோறும் மேடையிற் கொல்லும் கோபத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த ஒருவருக்கு அந்த மைதானம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. அனுப்பப்பட்ட அண்ணன் றீவைப் பற்றியும் பிற்காலத்தில் அன்போடும் நன்றியோடும் எழுதினார்.

தந்தையாரின் அறிவுரையின் கடைசிப் பகுதியை அதன்பின் அவர் காக்கவில்லை. கொலைக்கும்பல்கள் கறுப்பரைத் தூக்கிலிடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று ஜனாதிபதியின் முகத்துக்கெதிரே வாதாடினார். சோவியத் நாட்டை வெளிப்படையாகப் போற்றினார்; அங்கு நடந்த கொடுமைகளைப் பற்றி அவர் காத்த மௌனத்தை அவரை நேசிப்பவர்களும் நியாயப்படுத்த முடியாது. அவரைக் கண்டு ஓர் அரசாங்கமே அஞ்சியது. 1950 இற் கடவுச்சீட்டைப் பறித்தனர். எட்டு ஆண்டுகள் கொடுக்கவில்லை. மண்டபங்கள் மூடப்பட்டன, இசைத்தட்டுகள் கடைகளிலிருந்து மறைந்தன. 1958 இல் அதனைத் திரும்பப் பெற்று, மறு ஆண்டு சேக்ஸ்பியரின் பிறந்தவூர் அரங்கில் மூன்றாம் முறையாக ஒதெல்லோவாக நின்றார். அப்போது வயது அறுபத்தொன்று. அதன் பின்னர் உடல்நலமும் மனநலமும் குன்றின. 1976 ஜனவரி 23 ஆம் திகதி பிலடெல்பியா நகரில், தமக்கையாரின் வீட்டில் வாழ்ந்து வந்த நாளில், காலமானார். இறுதி வழிபாடு ஹார்லெம் தேவாலயத்தில் நடந்தது. அவருக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த பென் பல்லாண்டு போதகராயிருந்த தேவாலயம் அது.

அவரை மறைக்க முயன்றவர்கள் மைதானத்தையும் விட்டுவைக்கவில்லை. 1950 இல் வெளிவந்த உதைபந்தாட்ட வரலாற்று நூலொன்று, ஒவ்வோர் ஆண்டின் தேசியத் தேர்வணியையும் பெயர் பெயராக அச்சிட்டது. 1918 ஆம் ஆண்டுக்குரிய பட்டியலில் மட்டும் பத்துப் பெயர்களே இருந்தன. பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் அந்த ஓர் அணி மட்டும் பத்துப் பேரோடு நின்றது. கல்லூரி உதைபந்தாட்டப் பெருவீரர் மன்றத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது 1995 இல். அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள், காம்பின் பட்டியல் வெளிவந்து எழுபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நாளில் அவரோடு ஆடியவர்கள், அவரை மிதித்தவர்கள், அவரைப் பயிற்றியவர் ஆகியோரில் அதைப் பார்க்க எவர் எஞ்சியிருந்திருப்பர்?